தம்மாமிலிருந்து தெரியும் நான்கு டயர்கள்

1

வளைகுடாவில் குளிர் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. "அங்கெல்லாம் மணல்ல அப்பளம் போட்டாப் பொரியுமாமே, உனக்கென்னண்ணா குளிரு?" என்று ஈரோட்டிலிருந்து என் தம்பி கேட்கிறான். ஜூன் மாதம் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன். இது ஜனவரி. நான் இருப்பது சவுதியின் கிழக்குக் கரையில், தம்மாமில். காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது வடக்கிலிருந்து வரும் காற்று காதை அறுக்கிறது. மங்கி குல்லா போட்டால் அதன்மேல் சேஃப்டி ஹெல்மெட் உட்காரமாட்டேன் என்கிறது. ஹெல்மெட் இல்லாமல் சைட்டுக்குள் விடமாட்டார்கள். விடக்கூடாது என்று சட்டம் பேசுகிற ஆளே நான்தான், சேஃப்டி இன்ஸ்பெக்டர். ஆகவே காதுக்குக் கதி மோட்சம் இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது காதைப் பற்றி அல்ல, டயரைப் பற்றி. சிரிக்காதீர்கள். குளிரில் மனிதன் மட்டுமா ஒடுங்குகிறான்? டயருக்குள் இருக்கிற காற்றும் ஒடுங்கும். ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் ஒரு புள்ளி இறங்கும். பகலில் நன்றாக இருந்த டயர் விடியற்காலையில் வாடிப்போய் நிற்கும். அப்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரியும்: வாய் திறந்த ஒரு கிண்ணம், நடுவில் ஆச்சரியக்குறி. குளிர்காலம் வந்துவிட்டது என்று அமீரகத்தில் பாதிப் பேருக்குச் சொல்வதே இந்த விளக்குதான்.

என் மனைவி கோமதியும் மகள் தர்ஷினியும் ஷார்ஜாவில் இருக்கிறார்கள். எங்கள் வண்டியும் அங்கேதான் இருக்கிறது. நான் மட்டும் இங்கே. நான்கு டயரிலும் முப்பத்தைந்து புள்ளி இருக்க வேண்டும், முப்பதுக்குக் கீழே போனால் விளக்கு எரியும். அந்த எண்களை நினைத்துக்கொண்டுதான் ஒரு வருடமாகக் கண் விழிக்கிறேன்.

2

ஒரு குடும்பம் ஏன் இரண்டு நாட்டில் இருக்கிறது என்று கேட்பீர்கள். ஷார்ஜாவில் பார்த்த வேலை முடிந்துபோனது. கிடைத்த வேலை தம்மாமில். தர்ஷினி அங்கே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், நடுவில் பிடுங்கி நட முடியாது. கோமதியையாவது கூட்டிக்கொள்ளலாம் என்றால் பிள்ளையை யாரிடம் விடுவது? சரி, இரண்டு பேரையும் லீவுக்காவது வரவழைப்போம் என்று பார்த்தால் இக்காமா குறுக்கே நின்றது. இக்காமா என்பது இங்கே தங்குவதற்கான அட்டை. அதில் என் தொழில் 'உதவியாளர்' என்று விழுந்திருக்கிறது. கம்பெனியிடம் மிச்சமிருந்த விசா அந்தப் பெயரில்தான் இருந்ததாம். உதவியாளருக்குக் குடும்பத்தை அழைக்கிற தகுதி இல்லையாம். மாற்றக் கொடுத்த மனு 'அண்டர் பிராசஸ்'. கேட்கப் போனால் ஆபீஸில் இருக்கிற எகிப்துக்காரர் கையை விரித்து, "இன்ஷா அல்லா, மாஃபி முஷ்கில்" என்கிறார். பிரச்சினை இல்லையாம். அவருக்கு இல்லைதான்.

கிளம்பும்போது தர்ஷினி என் போனில் வண்டியின் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். வண்டி எங்கே நிற்கிறது என்பதுகூட அதில் தெரிந்தது. சொர்க்கம்! ஒரு மாதம்தான். அதற்குள் அவளுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. "அப்பா, லொகேஷன் ஆஃப் பண்றேன். ஐ நீட் பிரைவசி" என்றாள். பதினெட்டு வயதில் என்ன பிரைவசி வேண்டிக்கிடக்கு என்று கேட்க நாக்கு துடித்தது. வீடியோ காலில் பக்கத்தில் இருந்த கோமதி கண்ணைக் காட்டினாள், விட்டுவிட்டேன்.

ஆனால் லொகேஷனை அணைத்தவள் டயரை அணைக்க மறந்துவிட்டாள். ஆப்பில் நான்கு மூலையிலும் நான்கு எண்கள். வண்டியை ஸ்டார்ட் செய்தால் புதிதாகும், அணைத்தால் அப்படியே நிற்கும். குளிர்ந்த டயர் ஓட ஓடச் சூடாகும், சூடானால் எண் ஏறும். இரண்டு புள்ளி ஏறியிருந்தால் கல்லூரி வரை. ஒன்றும் ஏறாமல் நின்றுவிட்டால் கோமதி சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். நாலைந்து ஏறினால் துபாய், தேரா பக்கம். இப்படியாக என் வீட்டில் இருப்பவர்கள் எங்கே போகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பதை டயரை வைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் அணைத்துவிடுவாள், இருக்கிற ஒரு ஜன்னலும் போய்விடும்.

தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்பார்கள். பொய். எனக்குக் கூடிப்போனது. குளிர் தொடங்கியதும் எண்கள் இறங்கின. நான் போன் செய்வேன்.

"கோமதி, குளிரு வந்துருச்சே, காத்துப் புடிச்சியா?"

"ஏனுங்க, நேத்துதானே கேட்டீங்க? நைட்ரஜன் புடிச்சிருக்குது, அது எறங்காதுன்னு கடையில சொன்னாங்க."

"எந்தக் கடை? எவன் சொன்னான்? நைட்ரஜனும் எறங்கும். காலையில வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் ஜில்லுன்னு இருக்கறப்பப் பாக்கோணும்."

"எதிர் வீட்டக்கா குளிருன்னா லைட்டு எரியத்தான் செய்யும், ஓட்டுனா அணைஞ்சுரும்ங்கறாங்க."

"அந்தக்கா சொல்றதைக் கேட்டீன்னா நடுரோட்டுல நிப்பே!"

அந்த அக்காவின் கணவர் இன்னும் ஒரு படி மேலே. வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடுமே என்று பயந்து ஏப்ரலிலேயே காற்றை இறக்கிவிடுகிறவர். இங்கே இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். காற்று குறைந்த டயர்தான் சூடேறி வெடிக்கும் என்று சொன்னால், இத்தனை வருஷமாக கல்ஃபில் இருக்கிறேன் எனக்குத் தெரியாதா என்பார்கள். வெயிலுக்கென்று இறக்கிய காற்றைக் குளிருக்கு ஏற்றுவதும் இல்லை.

கொஞ்ச நாளில் என் போனை எடுப்பது குறைந்தது. கோமதி அடுப்பில் இருப்பாள், குளிப்பாள், கோயிலில் இருப்பாள். தர்ஷினி கிளாஸில் இருப்பாள், பிறகு "வில் கால் யூ" என்று செய்தி வரும். கூப்பிட மாட்டாள். மூன்று வயதில் இதே பிள்ளை பஞ்சர் ஆன டயரைத் தொட்டுப் பார்த்து, "அப்பா, டயரு ஒல்லியாயிருச்சு" என்று அழுதது. இப்போது தமிழில் பேசினால் ஒரு வாக்கியத்துக்கு மேல் வருவதில்லை, மூச்சு வாங்கி ஆங்கிலத்தில் இறங்கிவிடுகிறாள்.

3

இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. அங்கே சனியும் ஞாயிறும். ஆகவே ஞாயிறு எனக்கு டூட்டி, அவர்களுக்குத் தூக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த எண்கள் மத்தியானம்வரை அசையாது. எனக்கும் அன்று காலை நிம்மதியாகப் போகும்.

போன ஞாயிறு சைட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பிக்கப் ஓட்டுகிறவன் செல்வம், அரியலூர்க்காரன். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, நேற்று வைத்த மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். பழக்க தோஷத்தில் ஆப்பைத் திறந்தேன்.

நான்கு டயரிலும் பதினெட்டு.

ஒரு டயர் இறங்கினால் ஆணி என்று சொல்லலாம். நாலும் ஒரே மாதிரி பாதியாக இறங்குமா? குளிருக்கு இறங்குவதென்றால் அது சைபீரியக் குளிராக இருக்க வேண்டும். யாராவது விஷமம் செய்தார்களா? பிறகுதான் உறைத்தது. மணல்! மணலில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் வேண்டுமென்றே காற்றைப் பாதியாக இறக்குவார்கள். டயர் பரந்து படுத்தால்தான் மணலில் புதையாது. குளிர்காலம் வந்தால் அங்கே இளவட்டங்களுக்கு இதே வேலை. மேடேறி இறங்குவது, கூடாரம் அடிப்பது, போட்டோ எடுப்பது.

கோமதி இருக்கிற தெருவைத் தாண்டி ஓட்டமாட்டாள். டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்று லைசென்ஸ் வாங்கியவள், ஹைவே என்றால் வியர்த்துப்போகும். ஆகவே ஓட்டுவது தர்ஷினிதான். அம்மா தூங்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை!

"என்னா சார், மூஞ்சி செத்துப்போச்சு?" என்றான் செல்வம்.

சொன்னேன்.

"அட போங்க சார். வெளாடப் போயிருக்கும். வயசுப்புள்ள, மணல்லதான வுழுவும்? அடி படாது."

மணலில் பயம் இல்லை, திரும்பி வருவதில்தான் பயம். மணலை விட்டு ரோட்டுக்கு ஏறும்போது காற்றைத் திரும்பப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் ஹைவேயில் வேகமாகப் போனால் தொளதொள டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும், உள்ளே கொதிக்கும், பக்கவாட்டில் கிழியும். நூற்றிருபதில் ஒரு டயர் கிழிந்தால் பிறகு வண்டி நம் பேச்சைக் கேட்காது. இதை நான் படங்கள் போட்டு டிரைவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்தப் படங்கள் எல்லாம் இப்போது வரிசையாக என் கண் முன்னால் வந்தன.

எண் பத்தொன்பதானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபது. காற்று பிடித்தால் ஒரு டயர் மட்டும் சட்டென்று ஏறும். இது நான்கும் சேர்ந்து மெதுவாக ஏறுகிறது. அப்படியென்றால் சூடு. அப்படியென்றால் ஓடிக்கொண்டிருக்கிறது, ரோட்டில்.

கோமதிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. தர்ஷினிக்குப் போட்டேன், மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கோமதி. மறுபடி தர்ஷினி. இருபத்தொன்று. செய்தி அனுப்பலாம். 'டயரில் காற்று இல்லை, வண்டியை நிறுத்து' என்று எழுதினால், தம்மாமில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாள். என் ஜன்னல் அன்றோடு சாத்தப்படும். சாத்தட்டும். பிள்ளையே இல்லையென்றால் ஜன்னல் எதற்கு? எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. அவள் போனில் நெட் இல்லை, வண்டிக்குள் இருப்பது தனி சிம்.

"வண்டிய ஓரங்கட்டு செல்வம்."

"டூட்டிக்கு லேட்டாவும் சார்."

"கட்டுய்யா!"

கட்டினான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹீட்டரைக் கூட்டி வைத்தான்.

இருபத்திரண்டு. பிறகு எண் நின்றுவிட்டது. அடியில், 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று ஒரு வரி வந்தது. வண்டி அணைந்திருக்கிறது.

அணைத்தார்களா, அணைந்ததா? இதை அந்த ஆப் சொல்லாது. பெட்ரோல் பங்கில் நின்றாலும் இருபத்திரண்டு என்றுதான் காட்டும், கவிழ்ந்து கிடந்தாலும் அதே இருபத்திரண்டைத்தான் காட்டும். ஒரு வருடமாக இந்த எண்களைக் குடும்பம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனே, கடவுளே! கையில் இருந்தது வெறும் எண். என்னால் அங்கே ஓட முடியாது. காரில் கிளம்பினால் எல்லையில் எக்ஸிட் ரீ-என்ட்ரி, அதாவது போய்த் திரும்ப அனுமதி கேட்பான், அதற்கு மனு போட வேண்டும், மனுவைப் பார்க்க அந்த எகிப்துக்காரர் வர வேண்டும். பெற்ற பிள்ளை ரோட்டில் கிடந்தாலும் அண்டர் பிராசஸ்தான்.

"பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க" என்று முணுமுணுத்தான் செல்வம். பிறகு என் பக்கம் பார்க்காமல், "எங்கூரு அய்யனாருக்கு வேண்டியிருக்கன் சார், ஒண்ணும் ஆவாது" என்றான்.

4

போன் அடித்தது. தர்ஷினி.

"அப்பா! வாட் ஹேப்பன்ட்? போன் சைலன்ட்ல இருந்துச்சு, எத்தனை மிஸ்டு கால்! ஆர் யூ ஓகே? ஒடம்பு சரியில்லையா?"

"நீ எங்க இருக்கே?"

"பெட்ரோல் பங்க். மலீஹா பக்கம். ஏர் பிடிக்க க்யூல நிக்கறோம்."

"யாரு கூட? யார் ஓட்டுனது?"

"அம்மா."

"அம்மாவா?"

போன் கை மாறியது. "நாந்தானுங்க" என்றாள் கோமதி. குரலில் திருட்டுத்தனமும் சந்தோஷமும் சேர்ந்திருந்தன. "பதறாதீங்க. நாப்பதுக்கு மேல வேகம் ஏத்தலை. நாலு லைட்டையும் மின்ன வுட்டுக்கிட்டு ஓரமாவேதான் வந்தோம். பின்னாடி வந்தவங்கல்லாம் ஹாரன் அடிச்சாங்க, அடிக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"நீ மணல்ல ஓட்டுனியா? நீயா?"

"லேடீஸ் குரூப் ஒண்ணு இருக்குதுங்க. நாலஞ்சு வாரமா அவங்க வண்டியிலதான் போய்ப் பழகுனேன், நம்ம வண்டிய இன்னிக்குத்தான் எடுத்தேன். ரோட்டுல ஓட்டப் பயம் போகோணும்னா மொதல்ல மணல்ல ஓட்டுங்கன்னாங்க. அங்க இடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க! மொதநாள் அழுதேன். இன்னிக்கு மேட்டுல ஏறி எறங்கிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா அங்க நிம்மதியா டூட்டி பாப்பீங்களா? நீங்க பயப்படறதப் பாத்தா எனக்குப் பயம் வந்துருமுங்க. அதுதான் சொல்லலை."

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அதற்குள் என் செய்தி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. போனைத் திரும்ப வாங்கிய தர்ஷினியின் குரல் மாறியிருந்தது.

"அப்பா, ஏர் கம்மின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். ஆப்பை, எண்களை, இரண்டு ஏறினால் கல்லூரி, ஐந்து ஏறினால் துபாய் என்பதை, எல்லாவற்றையும்.

"எவ்ரி டே?"

"தினமும்தான்."

"தட்ஸ் கிரீப்பி அப்பா."

அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று எனக்குத் தெரியாது. நல்ல சொல் இல்லை என்பது தெரியும்.

"போன் பண்ணா நீங்க எடுக்கறதில்லையே கண்ணு. அப்பறம் நான் என்னத்தத்தான் பாக்கறது?"

பிறகு அவள் தமிழில் பேசினாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி. "எடுத்தா நீங்க டயர் பத்தி மட்டும்தான் கேக்கறீங்க அப்பா. என்னைப் பத்திக் கேக்கறதே இல்ல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கடைசியாக அவளிடம் வேறு என்ன கேட்டேன் என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"எங்க டர்ன் வந்துருச்சு" என்றாள். சீறும் சத்தம் நான்கு முறை கேட்டது. "டன். தேர்ட்டிஃபைவ் எல்லாத்துலயும்."

சூடான டயரில் முப்பத்தைந்து! நாளை விடியற்காலைக் குளிரில் முப்பதுக்குக் கீழே இறங்கிவிடும். விளக்கு எரிந்தே தீரும். ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் எரியும். 'இன்னும் அஞ்சாறு சேத்திப் புடி' என்ற சொல் தொண்டை வரை வந்தது. முப்பது வருடமாக சேஃப்டி பேசுகிற வாய், லேசில் அடங்குமா? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மணல் எப்படி இருந்துச்சு கண்ணு?" என்று கேட்டேன்.

முதலில் "நைஸ்" என்றாள், அவ்வளவுதான். "அப்பறம்?" என்றேன். பிறகு, அம்மா மேட்டின் உச்சியில் கண்ணை மூடிக்கொண்டதைச் சொன்னாள். முருகா முருகா என்று கத்திக்கொண்டே இறங்கியதைச் சொன்னாள். முன்னால் போன வண்டியிலிருந்த பாகிஸ்தானி அம்மாவும் என்னவென்று தெரியாமல் கூடச் சேர்ந்து முருகா என்று கத்தினாராம். தர்ஷினி சிரித்தாள். செல்வம் மெல்ல வண்டியை எடுத்தான். சைட் கேட் வரைக்கும் அவள் பேசினாள்.

5

அன்று மாலை ஆப்பைத் திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. பழையதைப் போட்டால் சிவப்பில் மறுத்தது. மாற்றிவிட்டாள். நியாயம்தான் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன், ஆனாலும் சோறு இறங்கவில்லை.

திங்கள் காலை நல்ல குளிர். போனைக் கையில் எடுப்பதும், பார்க்க ஒன்றும் இல்லை என்று வைப்பதுமாக இருந்தேன். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கல்லூரிக்குக் கிளம்புகிற நேரம். கிளம்பினார்களா, இல்லையா? ஓட்டுவது அம்மாவா, மகளா? ஒன்றும் தெரியாது. பாத்ரூமுக்குப் போனாலும் போன் கூடவே வந்தது. செல்வம் கீழே ஹாரன் அடித்தான். ஒரு காலில் சேஃப்டி ஷூவும் இன்னொரு காலில் செருப்புமாக இருந்தபோது போன் அடித்தது.

"அப்பா, லைட் எரியுது" என்றாள் தர்ஷினி. "அம்மா எதிர் வீட்டு ஆன்ட்டியைக் கேக்கலாம்னாங்க. நான் அப்பாவைக் கேக்கலாம்னு சொன்னேன். நாங்க என்ன பண்றது?"

அவளாக என்னைக் கூப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று! எண்கள் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டால் ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்துபோகும்.

"ஸ்வெட்டர் போட்டிருக்கியா?" என்றேன்.

"போட்டிருக்கேன்."

"சாப்ட்டியா?"

"அம்மா தோசை குடுத்தாங்க. அப்பா, லைட்டு!"

"எத்தனை காட்டுதுன்னு பாரு. அவசரமில்லை. ஒவ்வொண்ணாப் படி, கேக்கறேன்."

செல்வம் மறுபடி ஹாரன் அடித்தான். அடிக்கட்டும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவள் முன்பக்க இடதிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.